உதடு தெரிய ஒரு முகக்கவசம்

மருந்துச் சீட்டில் எழுதப்படும் சொற்களுள் மிகச் சிறியவை ‘முன்’, ‘பின்’ என்னும் இரண்டும்தான். உணவுக்கு முன் உட்கொள்ள வேண்டிய மாத்திரையைப் பின்னர் உட்கொண்டால் அதன் பலன் குறையலாம். உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டியதை வெறும் வயிற்றில் உட்கொண்டால் வயிறு புண்ணாகலாம். இவ்விரு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் உதடு மூடித் தொடங்குகின்றன. இரண்டும் ‘ன்’ என்று முடிகின்றன. ‘மு’ என்னும்போது உதடு குவிகிறது. ‘பி’ என்னும்போது விரிகிறது. செவித்திறன் குறைந்த ஒருவருக்குப் பெரும்பாலும் அந்தக் குவிதலும் விரிதலுமே இன்ன சொல் என்று காட்டிக்கொடுக்கின்றன. சொல்பவரின் வாயை முகக்கவசம் மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

‘எட்டு’, ‘பத்து’ என்பவையும் இத்தகையவையே. மங்கலாகக் கேட்கும் காதுக்கு இரண்டும் ‘த்து’, ‘ட்டு’ என்று ஒன்றுபோலவே முடியும். ‘பத்து’ என்று சொல்பவரின் உதடு ஒருமுறை மூடித் திறக்கும். ‘எட்டு’ என்று சொல்பவரின் உதடு தொடக்கத்தில் மூடுவதே இல்லை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர்க்கு எட்டு யூனிட்டுக்கும் பத்து யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அளவு மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். குறைந்தால் சர்க்கரை கட்டுக்குள் நில்லாது.

நோய்த்தொற்றைத் தடுக்க முகக்கவசம் வேண்டும். நோயாளிக்கு மருத்துவர் சொல்வதும் விளங்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் முயற்சியில் பிறந்ததே வாய்ப்பகுதி தெரியும்படி அமைந்த முகக்கவசம். அதன் வரலாற்றையும், அதனால் ஆவதையும் ஆகாததையும், அது கிடைக்காத இடத்தில் நீங்களும் நாங்களும் செய்ய வேண்டியவற்றையும் இவ்விதழில் எடுத்துரைக்கிறோம்.

கண்ணும் சேர்ந்தே கேட்கிறது

பேச்சைக் கேட்பது காதின் வேலை என்றே நாம் எண்ணியிருக்கிறோம். கண்ணுக்கும் அதில் பங்குண்டு. எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்துச் சொல்கிறது. இதழ் இரண்டும் இயைந்தால் பகரமும் மகரமும், பல்லும் இதழும் இயைந்தால் வகரமும் பிறக்கும் என்பது அதன் விளக்கம். இதழில் பிறக்கும் இவ்வெழுத்துகள் கண்ணுக்குத் தெரிபவை. நாவின் அடியில் பிறக்கும் ககரமும், நுனி நா மடிந்து பிறக்கும் டகரமும் வாய்க்குள்ளேயே மறைந்து நிற்பவை.

ஆகவே உதட்டசைவைக் கொண்டு மட்டும் பேச்சு முழுவதையும் அறிந்துவிட இயலாது. ‘படி’ என்பதும் ‘மடி’ என்பதும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றை வேறுபடுத்தக் காது வேண்டும். ‘முன்’, ‘பின்’ ஆகியவற்றை வேறுபடுத்தக் கண் துணை வேண்டும். காது விட்டதைக் கண்ணும், கண் விட்டதைக் காதும் நிரப்பிக்கொள்வதால்தான் செவித்திறன் குறைந்தோர் பலர் அன்றாட உரையாடலைத் தடையின்றி நடத்துகின்றனர்.

நன்றாகக் காது கேட்போரும் இதற்கு விலக்கல்லர். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் உளவியலாளர் இருவர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். ‘பா’ என்னும் ஒலியை, ‘கா’ என்று சொல்லும் வாயின் படத்தோடு இணைத்துக் காட்டினர். பார்த்தவர்களுள் பெரும்பாலோர்க்கு அது ‘டா’ என்பது போன்ற மூன்றாவது ஒலியாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டால் ‘பா’ என்றே கேட்டது. காதும் கண்ணும் தருவதை மூளை கலந்தே பொருள் கொள்கிறது என்பதற்கு இச்சோதனை இன்றும் சான்றாக நிற்கிறது.

சைகை மொழியில் பேசுவோர்க்கும் வாய் தெரிய வேண்டும். கைகள் சொல்லைக் காட்டும். அது கேள்வியா, மறுப்பா, வலியின் கடுமையா என்பதை முகமே காட்டும். முகத்தில் பாதியை மறைப்பது அவர்களுடைய மொழியில் பாதியை மறைப்பதாகும்.

நம்மிடையே எத்தனை பேர்

உலக மக்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் குறைபாட்டுக்கான சிகிச்சையோ பயிற்சியோ தேவைப்படுகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. 60 வயதைக் கடந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவுக்கும் மேல் இக்குறைபாடு காணப்படுகிறது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செவித்திறன் குறையுடையோராகப் பதிவாயினர். முதுமையால் காது மந்தமானவர்கள் பலர் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இதற்குக் காரணங்கள் பல. சிறு வயதில் காதில் சீழ் வடிந்து, மருத்துவம் பார்க்காமல் விட்டவர்கள் உள்ளனர். அரிசி ஆலையிலும் கல் உடைக்கும் கிரஷரிலும் காதுக்குப் பாதுகாப்பின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் உள்ளனர். காசநோய்க்கு முன்னாளில் பெரிதும் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகளும் சிலருடைய செவித்திறனைப் பாதித்திருக்கின்றன.

முதுமையில் காது மந்தமாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ச’, ‘த’, ‘ட’ முதலிய மெல்லிய மெய்யொலிகள் நழுவிப்போக, உயிரொலிகள் மட்டும் எஞ்சும். “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பது பிடிபடவில்லை” என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். முகக்கவசமும் அதே உச்ச ஒலிகளையே மிகுதியாகத் தடுக்கிறது. 2020இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, சாதாரண மருத்துவ முகக்கவசம் இவ்வொலிகளை 3 முதல் 4 டெசிபெல் வரையிலும், என்95 வகை 12 டெசிபெல் அளவுக்கும் குறைக்கின்றன. ஏற்கெனவே குறைந்த காதுக்கு, ஏற்கெனவே குறைந்த ஒலியே மேலும் குறைந்து வந்து சேர்கிறது. உதட்டைப் பார்த்து ஈடுசெய்து கொள்ளலாம் என்றாலோ, உதடும் தெரிவதில்லை.

முயன்றவர்கள் யாவர்

வாய் தெரியும் முகக்கவசம் கொரோனா காலத்தில்தான் பலர் கண்ணில் பட்டது. அதன் தேவையைச் சிலர் அதற்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

அமெரிக்காவைச் சேர்ந்த அலிசா டிட்மர் செவித்திறன் அற்றவர். 2015இல் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று வரவேண்டிய சைகை மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சுற்றி நின்ற அனைவரும் முகக்கவசம் அணிந்திருந்தனர். தமக்கு என்ன நடக்கிறது என்பதை யாரிடமும் கேட்டறிய அவரால் இயலவில்லை. பின்னர் அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற நண்பர்களோடு சேர்ந்து முழுவதும் தெளிவான மருத்துவ முகக்கவசம் ஒன்றை உருவாக்கினார். அது 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியது. தலைமுதல் கால்வரை பாதுகாப்பு உடை அணிந்த மருத்துவப் பணியாளர்கள், நோயாளிகள் தம் முகத்தைக் காணட்டும் என்று தங்கள் நிழற்படத்தை மார்பில் குத்திக்கொண்டு பணிபுரிந்தனர். அக்காட்சி சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் கிளாஸ் ஷோனன்பெர்கரின் உள்ளத்தைத் தொட்டது. அந்நாட்டின் எம்பா ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து அவருடைய குழுவினர், காற்றை உள்ளே விடும், கிருமியைத் தடுக்கும், ஆயினும் ஊடே பார்க்க இயலும் ஒரு நுண்ணிழைப் படலத்தை உருவாக்கினர். இழைகளுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு.

2020இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், செவித்திறன் குறைந்தோர்க்கான கல்வியைப் பயின்றுவந்த ஆஷ்லி லாரன்ஸ் என்னும் மாணவி, தம் தாயுடன் வீட்டிலேயே துணியையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு இத்தகைய முகக்கவசங்களைத் தைத்து விலையின்றி வழங்கினார். அவ்வாண்டிலேயே நம் திருச்சியில் ஒரு மருத்துவத் தம்பதியர், உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிவோரை எண்ணி, வாய்ப்பகுதியில் தெளிவான தாள் பொருத்திய முகக்கவசத்தை வடிவமைத்தனர். பிரிட்டன் அரசு 2020 செப்டம்பரில் தன் பொது மருத்துவத் துறைக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் இரண்டரை லட்சம் தெளிவான முகக்கவசங்களை வழங்குவதாக அறிவித்தது.

பயன் எவ்வளவு, குறை எவ்வளவு

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஆய்வொன்று 2021இல் வெளியானது. 15 அறுவை மருத்துவர்கள், 200 நோயாளிகள். சில சந்திப்புகளில் மருத்துவர் சாதாரண முகக்கவசமும், சிலவற்றில் தெளிவான முகக்கவசமும் அணிந்தார். எது எப்போது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. மருத்துவர் புரியும்படி விளக்கினார் என்று கூறியோர், தெளிவான முகக்கவசத்தின்போது நூற்றுக்கு 95 பேர். சாதாரண முகக்கவசத்தின்போது 78 பேர். மருத்துவர்மீது நம்பிக்கை பிறந்தது என்றோர் முறையே 94 பேர், 72 பேர். இது செவித்திறன் குறைந்தோரை மட்டும் கொண்டு செய்த ஆய்வன்று. பொதுவாக வந்த நோயாளிகளின் கருத்து. முகம் தெரிவது அனைவர்க்குமே ஆறுதலாக இருந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. துணியிலும் மருத்துவ முகக்கவசத்திலும் ஒலி ஓரளவு ஊடுருவிச் செல்லும். பிளாஸ்டிக் தாள் ஒலியைத் திருப்பி அனுப்பும். 2020இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகை முகக்கவசங்களை ஒப்பிட்டபோது, மருத்துவ முகக்கவசம் ஒலியைக் குறைவாகவும், தெளிவான தாள் உடையவை மிகுதியாகவும் தடுப்பதைக் கண்டனர். ஆகவே உதட்டைப் பார்த்து அறிவோர்க்கு இது பெருந்துணை. உதட்டைப் பாராமல் காது கேட்கும் கருவியை மட்டுமே நம்பியிருப்போர்க்குச் சில வேளைகளில் சாதாரண முகக்கவசமே மேலாக இருக்கலாம். எது நலம் என்று நோயாளியையே கேட்டறிவது தக்கது.

மூச்சுக்காற்றால் தாளில் ஆவி படிந்து உதடு மங்கித் தெரிவது மற்றொரு குறை. பிளாஸ்டிக் வழியே காற்றும் செல்லாது. சுற்றியுள்ள துணி வழியாகவே மூச்சு விட வேண்டும். வட கரோலினா ஆய்வில் பங்குகொண்ட மருத்துவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சாதாரண முகக்கவசத்தையே தமக்கு ஏற்றதாகக் கருதினர். நோயாளிக்கு எளிதாவது அணிவோர்க்கு எளிதாக இல்லை என்பதை மறைப்பதற்கில்லை.

ஓர் எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்கிறோம். காசநோய்ப் பிரிவிலும், காற்றுவழித் தொற்றுள்ள நோயாளியின் அருகிலும் என்95 போன்ற வடிகட்டும் திறனுள்ள முகக்கவசமே வேண்டும். வீட்டில் தைத்த தெளிவான முகக்கவசம் அதற்கு ஈடாகாது. அவ்விடங்களில் எழுதிக் காட்டுவதே பாதுகாப்பான வழி.

வீட்டில் தைக்க விரும்புவோர்க்கு

சளி, இருமல் உள்ள காலத்தில், செவித்திறன் குறைந்த பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் வீட்டுப் பயன்பாட்டுக்கு இதைத் தாமே தைத்துக்கொள்ளலாம்.

• இரண்டு மடிப்புப் பருத்தித் துணி முகக்கவசத்தின் நடுவில், உதட்டின் இரு ஓரங்களும் தெரியும் அளவுக்குத் துணியை வெட்டுங்கள். மூக்கின் பக்கமும் தாடையின் பக்கமும் மூச்சு விடப் போதிய துணி இருக்க வேண்டும்.

• வளையக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் தாளை இரண்டு துணி மடிப்புகளுக்கு இடையே வைத்து ஓரம் தையுங்கள். தாளின் கூர்முனை முகத்தில் படக்கூடாது.

• ஆவி படியாதிருக்க, தாளின் உட்புறத்தில் சிறிது சோப்பைப் பூசிக் காயவிட்டு, மென்மையான துணியால் துடையுங்கள்.

• சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போட வேண்டாம். தாள் கீறல் விழுந்து மங்கினால் மாற்றிவிடுங்கள்.

• சிறு குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறல் உள்ளோர்க்கும் இதை அணிவிக்க வேண்டாம்.

நினைவில் கொள்ளுங்கள்: செவித்திறன் குறைந்தவர் இதை அணிவதால் அவருக்குப் பயனில்லை. அவரோடு பேசுபவர்தான் அணிய வேண்டும்.

மருத்துவமனைக்கு வரும்போது

தெளிவான முகக்கவசம் எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நேரமும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. அது இல்லாதபோதும் செய்யக்கூடியவை பல உள்ளன.

• சீட்டுப் பதியும் இடத்திலேயே “எனக்குக் காது சரியாகக் கேட்காது” என்று சொல்லுங்கள். சீட்டின் மேற்பகுதியில் அதைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். உங்கள் முறை வந்து பெயர் அழைக்கும்போது அக்குறிப்பு உதவும்.

• காது கேட்கும் கருவி இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். அதற்குரிய பேட்டரி ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

• முகக்கவசத்தின் காதுப்பட்டை கருவியோடு சிக்கிக்கொள்ளும். கழற்றும்போது கருவி கீழே விழுந்து தொலைவதுண்டு. தலைக்குப் பின்னால் நாடா கட்டும் வகை முகக்கவசத்தை அணியுங்கள். கழற்றியவுடன் காதைத் தொட்டுப் பாருங்கள்.

• மருந்தின் பெயர், அளவு, வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பவற்றை எழுதி வாங்குங்கள். எழுத்தறியாதவர், சூரியன், நிலா, உணவுத்தட்டு ஆகிய குறிகளை வரைந்து தரும்படி கேட்கலாம்.

• கைப்பேசியில் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதி உண்டு. துணைக்கு வருவோர் அதைப் பயன்படுத்தலாம். அது சொற்களைத் தவறாகக் காட்டவும் கூடும் என்பதால், மருந்தளவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உடன் வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். முதியவருடன் மகனோ மகளோ வந்தால், மருத்துவமனையில் பேச்செல்லாம் அவர்களோடே முடிந்துவிடுவதுண்டு. நோயாளி நடுவில் அமர்ந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். நோய் அவருடையது, வலி அவருடையது, சிகிச்சைக்கு ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே. “அப்பாவிடமே சொல்லுங்கள், நான் எடுத்துச் சொல்கிறேன்” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேச்சு உரியவரிடம் திரும்பும்.

மருத்துவப் பணியில் உள்ள எங்களுக்கும் கடமைகள் உண்டு. நோயாளிக்கு எதிரில், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேச வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டு போகும். கத்திப் பேசினால் உதட்டின் வடிவம் திரிந்துவிடும். இயல்பான குரலில், சற்று நிறுத்திப் பேசினால் போதும். ஒருமுறை விளங்காத வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களால் சொல்ல வேண்டும். மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றின் இரைச்சலைக் குறைக்க வேண்டும்.

தலையாட்டுவதன் ஆபத்து

செவித்திறன் குறைந்தோர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. இருமுறை கேட்டும் விளங்காவிட்டால், மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டி விடுவர். திருமண வீட்டில் அவ்வாறு தலையாட்டினால் இழப்பொன்றும் இல்லை. மருத்துவரின் அறையில் தலையாட்டினால், விளங்காத ஒன்றுக்கு உடன்பட்டதாகிவிடும். எங்கள் பணியில் நாங்கள் மிகவும் அஞ்சுவது இந்தத் தலையாட்டலைத்தான்.

இதற்கு மருந்து திருப்பிச் சொல்லுதல். “விளங்கிற்றா?” என்று நாங்கள் கேட்டால் “விளங்கிற்று” என்று மட்டும் சொல்லாதீர்கள். “காலையில் எட்டு யூனிட், சாப்பாட்டுக்கு முன்” என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

இது நம் ஊருக்குப் புதிய முறையன்று. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உலகறிந்தவை. குடத்திலிருந்து எடுத்த ஓலையை நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில், எல்லோரும் காணும்படி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை உரக்க வாசிக்க வேண்டும். அவர் வாசித்ததை அங்கிருந்த நம்பிமாரும் வாசிக்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. கண்ணால் கண்டு, காதால் கேட்டு, மீண்டும் வாயால் சொல்லி உறுதி செய்த பிறகே அந்தப் பெயர் ஏற்கப்பட்டது. ஒருவர் உடலுக்குள் செல்லும் மருந்துக்கு அவ்வளவு கவனமேனும் வேண்டாமா?

உங்கள் வீட்டில் யாருக்கேனும் தொலைக்காட்சியின் ஒலி நாளுக்கு நாள் கூடிவருகிறதா? அழைத்தால் திரும்பிப் பார்க்காத குழந்தை இருக்கிறதா? காலம் தாழ்த்தாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். கேட்டல் திறனை அளக்கும் சோதனையில் வலி இல்லை. தகுதியுடையோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகக் காது கேட்கும் கருவியை விலையின்றிப் பெறலாம். பிறவியிலேயே கேளாத சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது எங்கள் சொல் விளங்கவில்லையென்றால், தயங்காமல் கையை உயர்த்துங்கள். “உதடு தெரியவில்லை” என்று சொல்லுங்கள். பாதுகாப்பான தொலைவில் நின்று முகம் காட்டியோ, எழுதியோ, வரைந்தோ, உங்களுக்கு விளங்கும்வரை நாங்கள் சொல்வோம்.